கண்டிப் புகையிரதப் பாதையும் அரச உத்தரவாதமும்

வளர்முக நாடொன்றிற் போக்குவரத்துத் துறை வேண்டிநிற்கும் முதல் மிகப் பெரிது. அம்முதல் பயன் தருவதோ நெடுங்காலத்தின் பின்னராகும். ஆகவே, பங்கு வாங்க முன்வருவோர் அரசின் உத்தரவாதத்தை நாடுதல் இயல்பாயிற்று. உத்தரவாதம் கிடைத்ததும் முதலீட்டாளரின் இடர் குடிமக்களின் கடனாக மாறுகின்றது. இம்மாற்றம் இலங்கையில் முதன்முதல் நிகழ்ந்த இடங்களுள் ஒன்று கொழும்பு–கண்டிப் புகையிரதப் பாதையாகும். அதன் வரலாறு இன்றைய விமான சேவைத் தொழிலை விளங்கிக்கொள்ளவும் துணைபுரியும்.

கம்பனியின் தோற்றம்

1840களிற் கண்டியைச் சூழ்ந்த மலைகளிற் கோப்பிச் செய்கை விரைந்து பரவியது. விளைந்த கோப்பி மாட்டு வண்டிகளிலே கடுகண்ணாவைக் கணவாய் வழியாகக் கொழும்புக்கு இறக்கப்பட்டது. மழைக்காலத்தில் வண்டிகள் வழியிலே தேங்கின, கூலியும் உயர்ந்தது. பிரித்தானியாவிற் புகையிரதப் பங்குகள்மீது பெருமோகம் நிலவிய 1845ஆம் ஆண்டில் இலங்கைப் புகையிரதக் கம்பனி இலண்டனில் அமைக்கப்பட்டது. ஆயின் 1847இன் வர்த்தக நெருக்கடி அம்முயற்சியை முடக்கிற்று. கோப்பி விலையும் வீழ்ந்தது.

1854இற் கண்டியிலே நிறுவப்பட்ட தோட்டத்துரைமார் சங்கம் புகையிரதப் பாதையை வற்புறுத்தி நின்றது. தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் காலத்தில், 1856இல், கம்பனியுடன் உடன்படிக்கை செய்யப்பட்டது. இந்தியப் புகையிரதக் கம்பனிகளின் பங்குகளுக்கு ஆண்டுக்கு 5 வீத வட்டி உறுதியளிக்கப்பட்டிருந்தது. இலங்கையிலும் அத்தகைய உத்தரவாதமே வழங்கப்பட்டது. பாதை இலாபம் ஈட்டினும் ஈட்டாவிடினும் பங்காளருக்கு வட்டி கிடைக்கும். குறையை அரசிறை நிரப்பும். இவ்வேற்பாட்டிற் செலவைக் குறைப்பதற்குக் கம்பனிக்குத் தூண்டுதல் யாதுமில்லை என்பது நோக்கற்பாலது.

உடன்படிக்கையின் முடிவு

1858 ஆகஸ்ட் 3ஆம் நாள் வார்ட் முதல் மண்ணை வெட்டி வேலையைத் தொடக்கினார். முன்னர் ஏறத்தாழ எட்டரை இலட்சம் பவுண் என மதிக்கப்பட்ட செலவு, கம்பனியின் பொறியியலாளர் செய்த புதிய மதிப்பீட்டில் 22 இலட்சம் பவுணாக உயர்ந்தது. அரசு 1861இல் உடன்படிக்கையை முடிவுக்குக் கொணர்ந்து, பாதையைத் தானே அமைக்கத் துணிந்தது. 45 அடிக்கு ஓரடி உயரும் கடுகண்ணாவை ஏற்றத்தைக் கடந்து, 1867இற் புகையிரதம் கண்டியை அடைந்தது. கோப்பி செழித்த காலத்தில் அது பெரும் வருவாய் தந்தது. பங்காளரைச் சேர்ந்திருக்க வேண்டிய இலாபம் அரசைச் சேர்ந்தது.

ஆயினும் சுமையைத் தாங்கியோர் யாவர் என்னும் வினா எஞ்சுகின்றது. பாதைக்கெனக் கோப்பி ஏற்றுமதிமீது தீர்வை விதிக்கப்பட்டது உண்மையே. ஆனால் உத்தரவாதத்தின் பின்னின்ற அரசிறையில் அரிசி இறக்குமதித் தீர்வையும் ஒரு முக்கிய பகுதியாகும். இறக்குமதி அரிசியை உண்டு மலைகளில் உழைத்த தமிழகத்துத் தொழிலாளர் அத்தீர்வையின் ஒரு பங்கைத் தம் உணவு வழியே செலுத்தினர். அவர்களோ மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்து வந்தவர்கள். கோப்பிக்கு 1867இற் பாதை கிடைத்தது. தலைமன்னாருக்குப் புகையிரதம் சென்றது 1914இலேயே.

உத்தரவாதமற்ற முதலீட்டின் இயல்பு இதற்கு மாறானது. 1869இற் கோப்பியில் இலைநோய் தோன்றியபின் தோட்டங்களில் முதலிட்டோர் நட்டத்தைத் தாமே ஏற்றனர். தேயிலைக் கம்பனிகளின் பங்குகளை விற்று வாங்குவதற்கு 1896இற் கொழும்பில் எழுந்த தரகர் சங்கமே இன்றைய பங்குச் சந்தையின் மூலமாகும். அங்கு ஊதியமும் இழப்பும் பங்காளரையே சார்ந்தன.

விமான சேவை

1979இல் எயார் லங்கா நிறுவப்பட்டது. 1998இல் எமிரேட்ஸ் நிறுவனம் 7 கோடி டொலருக்கு அதன் 40 வீதப் பங்குகளை வாங்கி, முகாமைப் பொறுப்பையும் ஏற்றது. 2008இல் அப்பொறுப்பு முடிவுற்றது. 2010இல் அரசு அப்பங்குகளை மீளப் பெற்றது. 2019இல் நிறுவனம் 17.5 கோடி டொலருக்கு வெளியிட்ட கடன் முறிகளுக்குத் திறைசேரி உத்தரவாதம் அளித்தது. 2022இல் நாடு வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை நிறுத்தியபோது, விமான சேவையின் கடனும் நாட்டின் கடனோடு ஒன்றாயிற்று. பங்குச் சந்தையில் விமான சேவைப் பங்கொன்றும் வாங்காத குடிமகனும் அதன் இழப்புக்குப் பொறுப்பாளியானான்.

இவ்விரு நிகழ்ச்சிகளும் உத்தரவாதம் என்னும் ஒரே கருவியாற் பிணைந்தவை. வேறுபாடு யாதெனில், 1861இல் உண்மைச் செலவு வெளிப்பட்டதும் அரசு உடன்படிக்கையைக் கைவிட்டது. விமான சேவையிலோ இழப்புகள் தெரிந்திருந்தும் உத்தரவாதம் நீடித்தது. எனவே இத்தகைய முயற்சிகளை ஆராய்வோர் உடைமை அரசினதா தனியாரதா என்பதோடு அமையலாகாது. செலவுக் கணக்கு எக்கட்டத்தில் வெளிப்பட்டது, உத்தரவாதத்தின் சுமை எவ்வரி வழியே எவர்மீது இறங்கியது என்பனவற்றையும் ஆராய்தல் வேண்டும்.