சட்டரின் மில்

தங்கம் கிடைத்தால் பணக்காரர் ஆகிவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைப்போம். தான் கட்டிய மில்லில் தங்கம் கிடைத்து, அதனாலேயே நொடித்துப்போன ஒரு மனிதர் இருந்தார். பெயர் ஜான் சட்டர்.

1803-ல் இன்றைய ஜெர்மனியில் உள்ள காண்டெர்ன் என்ற ஊரில் பிறந்தவர். சுவிட்சர்லாந்தில் கடை நடத்தி நஷ்டப்பட்டார். கடன்காரர்கள் நெருக்கவே, 1834-ல் மனைவி பிள்ளைகளை விட்டுவிட்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். ஹவாய், அலாஸ்கா என்றெல்லாம் சுற்றி 1839-ல் கலிஃபோர்னியா வந்து சேர்ந்தார். அன்றைக்கு அது மெக்சிகோவின் வசம் இருந்தது. மெக்சிகோ குடிமகன் ஆனால் நிலம் கிடைக்கும். ஆனார்! 1841-ல் சுமார் 48,000 ஏக்கர் கைக்கு வந்தது.

அங்கே ஒரு கோட்டை கட்டி, கோதுமை விதைத்து, மாடு வளர்த்தார். உழைத்தவர்கள் யார்? அந்த மண்ணின் பூர்வகுடிகளான நிசெனான், மிவோக் மக்கள். பலரை இரவில் அறையில் பூட்டி வைத்தார்கள். பன்றிகளுக்கு வைப்பதுபோல மரத்தொட்டியில் கஞ்சி ஊற்றினார்கள் என்று கோட்டைக்கு வந்துபோனவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். 'முன்னோடி' என்று புகழும் புத்தகங்கள் பல இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடும்.

இன்னொரு பக்கம் கடன். 1841-லேயே ரஷ்யர்களின் ராஸ் கோட்டையை 30,000 டாலருக்கு வாங்கினார். ரொக்கமாக அல்ல, பெரும்பகுதியைக் கோதுமையாகத் தவணையில் தருவதாக ஒப்பந்தம். விளைச்சல் ஏமாற்றினால் தவணை நிற்கும். நின்றது.

இதிலிருந்து மீள அவர் நம்பியது இரண்டு மில்களை. ஒன்று மாவு மில். அதைக் கட்டப் பலகை வேண்டும். குடியேறி வருகிறவர்களுக்கும் பலகை விற்கலாம். எனவே இரண்டாவது, மரம் அறுக்கும் மில். ஜேம்ஸ் மார்ஷல் என்ற தச்சரைக் கூட்டாளியாகச் சேர்த்தார். பணம் சட்டருடையது, வேலை மார்ஷலுடையது, அறுக்கும் பலகையில் பங்கு. கோட்டையிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி, கொலோமா என்ற இடத்தில் ஆற்றோரம் வேலை தொடங்கியது.

சக்கரத்தைச் சுற்றிவிட்டு நீர் வெளியேறும் கால்வாய்க்கு ஆழம் போதவில்லை. பகலில் தோண்டுவார்கள், இரவில் தண்ணீரைத் திறந்துவிட்டு மண்ணை அடித்துப்போக விடுவார்கள். 1848 ஜனவரி 24 காலையில் அந்தக் கால்வாயில் ஏதோ மின்னியது. மார்ஷல் எடுத்துத் தட்டிப் பார்த்தார். உடையவில்லை. சில நாள் கழித்துக் கோட்டைக்குக் கொண்டுபோனார். இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு அமிலம் ஊற்றினார்கள், தராசில் நிறுத்தார்கள், கலைக்களஞ்சியத்தைப் புரட்டினார்கள். சந்தேகமே இல்லை, தங்கம்தான்.

சட்டருக்கு வந்தது மகிழ்ச்சியை விடக் கவலைதான். மில் முடியும்வரை வெளியே சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். தங்கத்தை யாராலாவது மூடி வைக்க முடியுமா? 1848 மே மாதம் சாம் பிரானன் என்ற வியாபாரி தங்கத்தூள் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு சான் பிரான்சிஸ்கோ தெருவில் கத்திக்கொண்டே போனார். (மண்வெட்டியும் சட்டியும் விற்கத் தன் கடையை முன்கூட்டியே நிரப்பிவிட்டார் மனுஷன்! உண்மையில் சம்பாதித்தவர் அவர்தான்.)

பிறகு சட்டரின் ஆட்கள் தங்கம் தேட ஓடினார்கள். கோதுமை அறுக்க ஆளில்லை. மாவு மில் பாதியில் நின்றது, எந்திரக்கல்லைக்கூடத் திருடிப்போனார்கள். சில ஆண்டுகளில் சுமார் 3 லட்சம் பேர் கலிஃபோர்னியா வந்தார்கள். மாடுகளை வெட்டித் தின்றார்கள், நிலத்தில் குடிசை போட்டார்கள். 1848 அக்டோபரில் கடன்காரர்களுக்குப் பயந்து சொத்தை மகன் பெயரில் எழுதினார். மகன் மனைகளாகப் பிரித்து விற்றுக் கடனை அடைத்தார். அப்படி உருவான ஊர்தான் சாக்ரமென்டோ.

1858-ல் உச்சநீதிமன்றம் அவருடைய இரண்டாவது நில மானியத்தைச் செல்லாது என்றது. 1865-ல் வீடு எரிந்தது. பிறகு நஷ்டஈடு கேட்டு வாஷிங்டனுக்கு நடையாய் நடந்தார். 1880 ஜூனிலும் நாடாளுமன்றம் முடிவெடுக்காமல் கலைந்தது. இரண்டு நாள் கழித்து, ஜூன் 18 அன்று அங்கேயே ஒரு ஓட்டலில் இறந்தார்.

மார்ஷலும் 1885-ல் ஏழையாகவே போனார். பூர்வகுடிகள் நிலை இதைவிட மோசம். 1848-ல் சுமார் 1,50,000 பேர் இருந்தவர்கள் 1870 வாக்கில் 30,000 ஆனார்கள். நோய், பசி, படுகொலை. அவர்களுக்கு நஷ்டஈடு கேட்டு மனுப்போட அப்போது யாரும் இல்லை. 2020 ஜூனில் சாக்ரமென்டோவில் நின்ற சட்டரின் சிலையை அப்புறப்படுத்தினார்கள்.