அவர்களும் பெண்களே

ஆசியாவில் பெண்கள் ஆண்களுக்கு நிகராக வாக்களித்த முதல் நாடுகளுள் இலங்கையும் ஒன்று. 1931ஆம் ஆண்டில் கிட்டிய அவ்வுரிமை ஆட்சியாளர் தாமாக ஈந்த கொடையன்று. பெண்கள் கேட்டுப் பெற்றது.

இலங்கையின் அரசியலமைப்பை ஆராய 1927ஆம் ஆண்டின் இறுதியில் டொனமூர் ஆணைக்குழு கொழும்புக்கு வந்தது. அன்று கல்வியும் உடைமையும் உள்ள ஆடவர்க்கே வாக்குரிமை இருந்தது. மக்கள் நூற்றுவரில் ஏறத்தாழ நால்வரே வாக்காளர். அவ்வாண்டு டிசம்பரில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தோன்றியது. அதன் உறுப்பினர் பெரும்பாலும் கற்ற, வசதி படைத்த குடும்பங்களைச் சேர்ந்தோர்.

எதிர்ப்பும் வலுவாகவே எழுந்தது. 1913இல் மருதனார்மடத்தில் பெண்களுக்கெனக் கல்லூரி நிறுவிய சேர் பொன்னம்பலம் இராமநாதனே பெண்கள் வாக்களிப்பதை வன்மையாக எதிர்த்தார். பெண்ணுக்குக் கல்வி தகும், அரசியல் தகாது என்பது அன்றைய பெரியோர் பலரின் துணிபு.

சங்கத்தின் சார்பில் சாட்சியமளித்த அக்னஸ் டி சில்வாவிடம், தோட்டங்களில் உழைக்கும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமா என டொனமூர் பிரபு வினவினார். அவர்களும் பெண்களே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்பதே அவர் அளித்த விடையின் பொருள்.

பெண்களுக்கு முப்பது வயதில் வாக்குரிமை வழங்கலாம் என ஆணைக்குழு பரிந்துரைத்தது. இறுதியில் இருபாலார்க்கும் இருபத்தொரு வயதே எல்லையாயிற்று. 1931இல் அடலின் மொலமுறேயும், 1932இல் கொழும்பு வடக்கில் நேசம் சரவணமுத்துவும் இடைத்தேர்தல்களில் வென்று அரசாங்க சபை புகுந்தனர்.

ஆயின் தோட்டத் தொழிலாளர்க்கு, ஆண் பெண் இருவர்க்குமே, நிரந்தரக் குடியிருப்பை நிறுவவேண்டும் என்ற தடை முதலிலேயே இடப்பட்டது. தடையைக் கடந்து வாக்காளராகியோரின் உரிமையும் நிலைக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. மறு ஆண்டே அவர்தம் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் பலர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். எஞ்சிய நாடற்றோர்க்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டில்தான் நிறைவேறியது.

பெண் என்பதால் பெற்ற வாக்கினை, பிறப்பின் பெயரால் கொழுந்து பறிக்கும் பெண் இழந்தாள். அக்னஸ் டி சில்வாவின் விடை முழுமையாகச் செயற்பட எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. இலங்கைப் பெண்களின் வாக்குரிமை வரலாற்றை 1931ஆம் ஆண்டோடு முடித்துவிடுவது, தேயிலைத் தோட்டங்களில் காத்திருந்த அப்பெண்களை மீண்டுமொருமுறை மறப்பதாகும்.