விசை

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் இந்தச் சொல்லுக்குப் பொருள் கேட்டால் விசைத்தறியைக் காட்டுவார்கள். காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி அதில்தான் நெய்யப்படுகிறது. விசை என்றால் வேகம், உந்தும் ஆற்றல். பொறியை முடுக்கும் உறுப்புக்கும் அதுவே பெயர். விசைப்பலகைக்கு வந்தது அந்தப் பொருள். ‘கீ’யைச் சாவி என்று பெயர்க்காமல் விட்டார்களே, நல்லது.

ஸ்ரீவில்லிபுத்தூர் டிடிபி கடையொன்றில், லினக்ஸ் கணினியில், தமிழ்99 விசைப்பலகை முறையில் ‘க’ அடிக்கிறார்கள் என்று வையுங்கள். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் உள்ள கீபோர்டு டிரைவருக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. ‘எச்’ விசைக்கு 35 என்ற எண்ணை மேலே அனுப்பும். கூடவே, அழுத்தினால் 1, விட்டால் 0, அழுத்தியபடியே இருந்தால் 2. அந்த 35-ஐ ‘க’ ஆக்குவது மேலடுக்கு மென்பொருள். எழுத்து மாறி விழுந்தால் டிரைவரைக் குடைய வேண்டாம். யாராவது பாமினி முறைக்கு மாற்றி வைத்துவிட்டார்களா என்று முதலில் பாருங்கள்.