பேரைப் பானைக்குள்ள போடாதே: உத்திரமேரூர் கல்வெட்டுல இருந்து ஈ-கோர்ட்ஸ் வரைக்கும்

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு ஒரு வார்த்தையில இருந்து தொடங்கலாம். 'கேடி.'

"அவன் சரியான கேடிப்பா"ன்னு நாம எல்லாரும் சொல்லியிருப்போம். 'கெட்டவன்'ங்கிறதோட சுருக்கம்னு நிறைய பேர் நினைச்சிருக்காங்க. உண்மையில அது பழைய போலீஸ் பதிவேட்டுல இருந்து வந்த வார்த்தை. 'நோன் டெப்ரடேட்டர்', அதாவது திருட்டு, கொள்ளையில பேர் போனவர்னு போலீஸ் குறிச்சு வெச்ச ஆள். அதோட முதல் எழுத்துகள்தான் கே, டி. ஒரு ஸ்டேஷன் லிஸ்ட்டுல இருந்த ரெண்டு எழுத்து தெருவுக்கு வந்து, சினிமாவுக்குப் போய், இப்ப நம்ம வாட்ஸ்அப்ல கிண்டலா நிக்குது.

ஒருத்தர் மேல இருக்கிற குற்றப் பதிவை யார் எழுதி வெச்சாங்க, யார் பார்க்கலாம், எவ்வளவு நாள் அது அவரைத் துரத்தும்? இந்தக் கேள்விகளுக்கு நம்ம ஊர்ல ஆயிரம் வருஷக் கதை இருக்கு. அதுக்கு நாம போக வேண்டிய இடம் காஞ்சிபுரம் மாவட்டம், உத்திரமேரூர் பக்கம்.

கல்லுல ஒரு தடை லிஸ்ட்

உத்திரமேரூருக்குப் பக்கத்துல திருப்புலிவனம்னு ஒரு கிராமம். அங்க வியாக்ரபுரீஸ்வரர் கோயில் இருக்கு. புலிக்கால் முனிவர் வழிபட்ட தலம்னு சொல்லுவாங்க. அந்தக் கோயில் சுவர்லயும் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கு. ஆனா இந்த வட்டாரத்துல உலகம் முழுக்கப் பேசப்படுறது உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டுகள்தான். முதலாம் பராந்தக சோழன் காலம், பொ.ஆ. 919, 921.

குடவோலை முறைன்னு ஸ்கூல் புக்குல படிச்சிருப்போம். ஊரை 30 குடும்புகளா, அதாவது வார்டுகளாப் பிரிச்சு, தகுதி உள்ளவங்க பேரை ஓலையில எழுதிப் பானையில போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்றது. பாடப்புத்தகத்துல தகுதிகளைச் சொல்லுவாங்க: வரி கட்டுற நிலம் கால் வேலிக்கு மேல, சொந்த மனையில வீடு, வயசு 35-ல இருந்து 70-க்குள்ள, வேதப் படிப்பு. இது பிராமணர்களோட சபை, ஆண்கள் மட்டும் இருந்த சபைங்கிறதையும் சேர்த்தே சொல்லணும். ஊர்ல இருந்த மத்த எல்லாருக்கும் இந்தப் பானையில இடமே கிடையாது.

நமக்கு இன்னைக்கு முக்கியம், யார் பேரைப் போடக்கூடாதுங்கிற லிஸ்ட். முன்னாடி வாரியத்துல இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவர். அடுத்தவர் பொருளைத் திருடினவர். பெரும் பாவம் செஞ்சவர். 'கூடலேகை' பண்ணினவர், அதாவது பொய் ஆவணம் எழுதினவர். கழுதை மேல ஏத்தப்பட்டவர். கழுதை மேல ஏத்தி ஊர்வலம் விடுறது அப்ப ஒரு தண்டனை.

இதுல ரெண்டு விஷயம் என்னைத் தூங்க விடலை. ஒண்ணு, கணக்குக் காட்டாதவரோட தடை அவரோட நிக்கலை. அப்பா, மகன், அண்ணன் தம்பி, மாமனார், மச்சான், மருமகன்னு சொந்தக்காரங்க வரைக்கும் நீளுது. ரெண்டாவது, சில தப்புகளுக்குப் பிராயச்சித்தம் செஞ்சு சுத்தமானவங்களுக்கும் ஆயுள் முழுக்கத் தடை. பரிகாரம் முடிஞ்சுது, ஆனா பதிவு முடியலை.

ஒரு பக்கம் பார்த்தா அருமையான விதி. பொதுப் பணத்தைத் தொடப்போறவரோட பழைய கணக்கை ஊர் பார்க்கணும். இன்னொரு பக்கம், ஒருத்தர் செஞ்ச தப்பு குடும்பத்து மேலயே ஒட்டிக்குது. இந்த ரெண்டு பக்கமும் அடுத்த ஆயிரம் வருஷமும் கூடவே வருது.

கல்லுல இருந்து காகிதத்துக்கு

இப்ப வெள்ளைக்காரன் காலம். 1859-ல மதராஸ் மாவட்டப் போலீஸ் சட்டம். 1861-ல குற்றவியல் நடைமுறைச் சட்டம். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் பதிவேடுகள் வருது. 1897-ல கல்கத்தாவுல கைரேகைப் பிரிவு தொடங்குறாங்க. ஒருத்தர் பேரை மாத்திக்கிட்டாலும் விரல் மாறாது இல்லையா?

இதே நேரத்துல 1871-ல குற்றப் பரம்பரைச் சட்டம். 1911 திருத்தத்துக்கு அப்புறம் அது மதராஸ் மாகாணத்துக்கும் வந்துச்சு. இந்தச் சட்டத்துல ஒரு சமூகத்துல பிறந்தாலே போதும், உங்க பேரு பதிவேட்டுல ஏறும். ரேகை வைக்கணும், அடிக்கடி போய் ஆஜராகணும், சொல்லாம வெளியூர் போகக்கூடாது. இதை எதிர்த்து நின்ன பெருங்காமநல்லூர் கள்ளர் மக்கள் மேல 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்துச்சு. பலர் செத்துப் போனாங்க. மதராஸ்ல இந்தச் சட்டம் 1947-லயும், நாடு முழுக்க 1952-லயும் ரத்தாச்சு.

கல்வெட்டுல இருந்த அந்த 'சொந்தக்காரங்களுக்கும் தடை'ங்கிற எண்ணம், இங்க ஒரு சாதி முழுக்கவும் பாயுது. குற்றப் பதிவுன்னா நடந்த குற்றத்தோட பதிவு மட்டும்னு நினைச்சுக்கக் கூடாது. சில நேரம் அது எழுதினவரோட சந்தேகத்தோட பதிவு.

தாத்தாவோட கேஸைத் தேடுறது எப்படி?

சரி, ஒரு கற்பனை. உங்க குடும்பம் திருப்புலிவனத்துல இருந்து சென்னைக்கு வந்ததுன்னு வெச்சுக்குவோம். "1970-ல தாத்தாவை போலீஸ் பிடிச்சுட்டுப் போச்சு"ன்னு பாட்டி ஒரு தடவை சொல்லிட்டு, அப்புறம் வாயே திறக்கலை. அது திருட்டுக் கேஸா, நிலத் தகராறா, போராட்டமா? விடுதலை ஆனாரா? எங்க தேடுறது?

முதல்ல ஊர் எல்லையைப் பிடிங்க. 1970-ல 'காஞ்சிபுரம் மாவட்டம்'னு ஒண்ணு கிடையாது. அப்ப செங்கல்பட்டு மாவட்டம். 1997-ல அதைப் பிரிச்சுதான் காஞ்சிபுரமும் திருவள்ளூரும் வந்துச்சு. 2019-ல காஞ்சிபுரத்துல இருந்து செங்கல்பட்டு தனி மாவட்டமாப் பிரிஞ்சுது. அதனால பழைய கட்டு இன்னைக்கு இருக்கிற மாவட்டத் தலைநகர்லதான் இருக்கும்னு நம்பிப் போகாதீங்க. செங்கல்பட்டு நீதிமன்றத்தையும் கேளுங்க.

ரெண்டாவது, யார் எழுதியிருப்பாங்கன்னு யோசிங்க. 1980-ல எம்.ஜி.ஆர். அரசு கர்ணம், மணியம் பதவிகளை ஒழிக்கிற வரைக்கும், கிராமத்துல ஒரு குற்றம்னா முதல்ல கிராம முன்சீப்புக்குத்தான் தகவல் போகும். அவர் ரிப்போர்ட் எழுதி ஸ்டேஷனுக்கு அனுப்புவார். பழைய கொலை வழக்குத் தீர்ப்புகளைப் படிச்சா, கதை அடிக்கடி முன்சீப் வீட்டு வாசல்லதான் தொடங்கும்.

மூணாவது, எண். போலீஸ்ல அது 'குற்ற எண்', அதோட வருஷம். கோர்ட்டுல அது வேற எண்: மாஜிஸ்திரேட் கோர்ட்டுன்னா சி.சி., செஷன்ஸ்னா எஸ்.சி. இந்த எண் இல்லாம ரெக்கார்டு ரூம்ல தேடுறது வைக்கோல் போர்ல ஊசி தேடுற கதைதான். எண் தெரியலைன்னா தேதியையாவது சுருக்குங்க. கன்னிமாரா நூலகத்துலயும் தரமணி ரோஜா முத்தையா நூலகத்துலயும் பழைய பத்திரிகைகள் இருக்கு. கேஸ் ஹைகோர்ட் வரைக்கும் போயிருந்தா, 1876-ல இருந்து வர்ற இந்தியச் சட்ட அறிக்கைகளோட மதராஸ் வரிசையிலயும், 1891-ல தொடங்கின மெட்ராஸ் லா ஜர்னல்லயும் இருக்க வாய்ப்பு உண்டு. அதுக்கும் பழசுன்னா எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகம்.

நாலாவது, மனு. இங்கதான் நிறைய பேர் தடுமாறுவாங்க. போலீஸுக்கு ஒரு வழி, கோர்ட்டுக்கு வேற வழி.

போலீஸ்கிட்ட தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல கேட்கலாம். மாவட்ட எஸ்.பி. அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு, 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாள்ல பதில். எதுக்குக் கேட்கறீங்கன்னு காரணம் சொல்லத் தேவையில்லை. தப்பான அலுவலகத்துக்குப் போட்டாலும், அவங்களே 5 நாளுக்குள்ள சரியான இடத்துக்கு மாத்தி அனுப்பணும். "விசாரணை பாதிக்கும்", "தனிநபர் தகவல்"னு மறுக்க அந்தச் சட்டம் 8(1)-ல இடம் கொடுக்குது. ஆனா 8(3)-ஐ மனப்பாடம் பண்ணிக்கோங்க: நடந்து 20 வருஷம் ஆன விஷயம்னா, இந்த ரெண்டு காரணத்தையும் சொல்லி மறுக்க முடியாது. நாட்டோட பாதுகாப்பு, சட்டமன்ற உரிமை, அமைச்சரவை ஆவணம் மாதிரி மூணு விலக்குதான் மிஞ்சும். தாத்தா கேஸுக்கு இதுதான் சாவி.

கோர்ட்டுக்கு இது செல்லாது. கோர்ட் கட்டுல இருக்கிற ஆவணத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்துல போகாதீங்க, கோர்ட் விதிப்படி நகல் மனு போடுங்கன்னு 2020 மார்ச்ல உச்ச நீதிமன்றம் குஜராத் ஹைகோர்ட் வழக்குல சொல்லிடுச்சு. நீங்க வழக்குல சம்பந்தப்படாத மூணாவது ஆள்னா, ஏன் வேணும்னு காரணத்தையும் எழுதணும். "பேரன், குடும்ப வரலாறு எழுதறேன்"ங்கிறது வெட்கப்பட வேண்டிய காரணம் இல்லை.

"அழிக்கப்பட்டுவிட்டது"ன்னு பதில் வரலாம். அது பொய்யா இருக்கணும்னு அவசியம் இல்லை. பழைய கட்டுகளை அழிக்கவே 1917-ல ஒரு சட்டம் இருக்கு. அப்ப போலீஸ்ல, எந்தத் தேதியில, யார் உத்தரவுல அழிச்சாங்கன்னு காட்டுற பதிவேட்டோட நகலைக் கேளுங்க. கட்டு போயிருக்கலாம், அது இருந்ததுக்கான ஒரு வரி கிடைக்கலாம்.

இன்னைக்கு உங்க கேஸ்னா?

இப்ப நடக்கிற விஷயத்துக்கு இவ்வளவு அலைச்சல் இல்லை. புகார் கொடுத்தவருக்கு எஃப்.ஐ.ஆர். நகல் இலவசமாத் தரணும். 2016-ல உச்ச நீதிமன்றம், எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்துல இணையத்துல ஏத்தணும்னு உத்தரவு போட்டுச்சு. பாலியல் குற்றம், போக்சோ, தீவிரவாதம் மாதிரி வழக்குகளுக்கு விலக்கு. ஈ-கோர்ட்ஸ் தளத்துல பேரை அடிச்சாலே வழக்கு நிலவரம் வருது.

வசதிதான். ஆனா அந்தப் பிராயச்சித்தம் ஞாபகம் இருக்கா?

தமிழ்நாட்டுல ஒருத்தர் மேல ஒரு கிரிமினல் கேஸ். சென்னை ஹைகோர்ட் அவரை விடுதலை பண்ணிடுச்சு. ஆனா இணையத்துல அவர் பேரைத் தேடினா அந்தத் தீர்ப்புதான் வந்து நிக்குது. பேரை எடுக்கச் சொல்லிக் கேட்டார். 2021-ல தனி நீதிபதி, இதுக்குத் தெளிவான சட்டம் இல்லைன்னு மறுத்தார். 2024 பிப்ரவரியில ரெண்டு நீதிபதிகள் அமர்வு, பேரை மறைக்கணும்னு சொல்லுச்சு. அதே வருஷம் ஜூலையில உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தி வெச்சுது. தீர்ப்பு பொது ஆவணம், அதை மறைக்கலாமாங்கிறது ஒரு பக்கம். விடுதலையான மனுஷன் வேலைக்கும் கல்யாணத்துக்கும் எப்படிப் போவார்ங்கிறது இன்னொரு பக்கம்.

இதுக்கு நேர் எதிர்ல 2002. தேர்தல்ல நிக்கிறவங்க தங்கள் மேல இருக்கிற கிரிமினல் வழக்குகளைச் சொல்லியே ஆகணும்னு உச்ச நீதிமன்றம் தீர்ப்பு கொடுத்துச்சு. உத்திரமேரூர் கல்வெட்டோட நல்ல பாதி அங்க இருக்கு. பொது அதிகாரம் கேட்கிறவர், தன் பதிவைக் காட்டணும்.

நான் எடுத்துக்கிற பாடம் இதுதான். அதிகாரத்துக்கு வர்றவரோட பதிவைக் கேட்கிறது குடிமக்களோட உரிமை. பக்கத்து வீட்டுக்காரரோட, வாடகைக்கு வர்றவரோட பழைய கேஸைத் தோண்டி எடுத்து ஃபேமிலி குரூப்ல போடுறது அந்த உரிமை ஆகாது. ஒரு எஃப்.ஐ.ஆர். கிடைச்சா, அது ஒருத்தர் சொன்ன புகார் மட்டும்தான். தீர்ப்பு என்ன ஆச்சுன்னு பார்க்காம அதை யார்கிட்டயும் காட்டாதீங்க.

தாத்தா கேஸும் அப்படித்தான். எஃப்.ஐ.ஆரோட நிறுத்தினா, பாட்டி ஏன் பேசலைன்னு உங்களுக்குப் புரியாது. கடைசிப் பக்கம் வரைக்கும் தேடுங்க. 'விடுதலை'ங்கிற வார்த்தை பெரும்பாலும் அங்கதான் இருக்கும்.

அடுத்த எபிசோடில சந்திப்போம்.