வாசலிலிருந்து கைபேசிக்கு: கல்முனைக் கரையோரத்தில் கருத்துக்கணிப்பு முறையின் மாற்றம்

முன்பின் அறியாத இலக்கமொன்றிலிருந்து தனியாள் ஒருவரின் கையடக்கத் தொலைபேசிக்கு அழைப்பெடுத்து, அவர் இசைவை முன்கூட்டிப் பெறாமலேயே அரசியல் வினாக்களைத் தொடுக்கும் கருத்துக்கணிப்பு முறை இலங்கையில் அண்மைக்காலத்திலேயே வேரூன்றியது. இதன் அடிப்படை உத்தி ‘எழுமாற்று இலக்க அழைப்பு’ எனப்படும்; அதாவது, பெயர்ப் பட்டியல் எதனையும் சாராமல், கணினி தன்போக்கில் உருவாக்கும் தொலைபேசி இலக்கங்களை வரிசையாக அழைத்து, விடையளிப்போரை மாதிரியாகக் கொள்ளும் முறையாகும். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் முதலிய அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களைப் பொறுத்தவரை, இம்மாற்றம் வெறும் கருவி மாற்றமன்று. வினா கேட்பவர் தம்மை நிரூபிக்க வேண்டியிருந்த நிலை நீங்கி, விடையளிப்பவர் தம்மை அடையாளப்படுத்த வேண்டிய நிலை உருவானதே அதன் சாரம் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

வாசலில் நடந்த கணிப்பு

இலங்கையில் தொடர்ச்சியான அரசியல் கருத்துக்கணிப்பு, மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2001 இல் தொடங்கிய சமாதான நம்பிக்கைச் சுட்டி போன்ற முயற்சிகளோடு வளர்ந்தது. அக்காலத்துக் கணிப்பு முகத்துக்கு முகம் நடந்தது. கணக்கெடுப்பாளர் பட்டப்பகலில் வந்தார். கையில் கடிதமும் படிவமும் இருந்தன. ஐயம் எழுந்தால் கிராம உத்தியோகத்தரிடமோ பள்ளிவாசல் நிருவாகத்திடமோ விசாரித்துக்கொள்ளலாம். வந்தவர் எத்தகையவர் என்று வீட்டார் எடைபோட முடிந்தது. அவரும் தாம் எந்த ஊரில் நிற்கிறார் என்பதை எவரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

2004 டிசம்பர் 26 அன்று நிகழ்ந்த ஆழிப்பேரலை, நாட்டிலேயே மிகுதியான உயிரிழப்பை அம்பாறை மாவட்டத்தில் ஏற்படுத்தியபின், இக்கரையோரம் கணக்கெடுப்புகளின் களமாயிற்று. வடக்குக் கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றர் வரை மீள்குடியேற்றம் தடுக்கப்பட்டிருந்ததால், படிவத்தில் எழுதப்படும் ஒவ்வொரு விடையும் வீடு, நிவாரணம் ஆகியவற்றோடு பிணைந்திருந்தது. ஆயினும் விபரம் கொடுத்தவர்க்கெல்லாம் பலன் கிட்டவில்லை. சவூதி அரேபிய உதவியில் அக்கரைப்பற்று நுரைச்சோலையில் கட்டப்பட்ட 500 வீடுகள், பயனாளிகளின் இனவிகிதம் தொடர்பான வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றதால் நீண்டகாலம் பகிர்ந்தளிக்கப்படாமல் கிடந்தன. படிவத்தில் ‘இனம்’ என்ற கட்டம் வெறும் புள்ளிவிபரமன்று, உரிமையை நிர்ணயிப்பது என்பதை அவ்வனுபவம் இப்பகுதி மக்களுக்கு உணர்த்தியிருந்தது.

இலக்கம் இடத்தை மறைத்தபோது

அமெரிக்காவில் தொலைபேசிக் கணிப்பு நிலையான இணைப்புகளை நம்பி வளர்ந்தது. 1936 இல் ‘லிட்டரரி டைஜெஸ்ட்’ இதழ், தொலைபேசி விபரக்கொத்து, வாகனப் பதிவேடு போன்ற பட்டியல்களைப் பெரிதும் நம்பி, வசதி படைத்தோர் பக்கம் சாய்ந்த மாதிரியால் ஜனாதிபதித் தேர்தலில் ரூஸ்வெல்டின் வெற்றியைக் கணிக்கத் தவறியது. பட்டியலைச் சாராத எழுமாற்று அழைப்பு 1960களில் அங்கு உருவெடுத்தது. இலங்கையிலோ தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரை நூறு பேருக்கு ஓரிரு நிலையான இணைப்புகளே இருந்தமையால், கணிப்பு அக்கட்டத்தில் தங்காமல் வாசலிலிருந்து நேரே கையடக்கத் தொலைபேசிக்குத் தாவியது.

இத்தாவலின் விளைவு இலக்கத்திலேயே தெரிகிறது. 067 என்று தொடங்கும் நிலையான இலக்கம் கல்முனைப் பிரதேசத்தைச் சுட்டும். 071, 077 முதலிய முன்னிலக்கங்களோ சேவை வழங்கும் நிறுவனத்தைச் சுட்டுமேயன்றி, பாவனையாளரின் ஊரைச் சுட்டா. சிம் அட்டை கணவர் பெயரிலும் பாவனை மனைவியிடத்திலும் இருக்கலாம். பதிவுக்குரியவர் கட்டாரில் தொழில் புரிய, தொலைபேசி வீட்டில் இருக்கலாம். ஆகவே வாசலில் கேட்கத் தேவையில்லாதிருந்த மாவட்டம், இனம், மதம், வயது என்பவற்றை அழைப்பவர் வாய்விட்டுக் கேட்க வேண்டியதாயிற்று.

தனியாள் தொலைபேசி அரசியல் களமாகக்கூடும் என்பதை முன்னரே காட்டிய நிகழ்வு, 2010 ஜனவரி 26 ஜனாதிபதித் தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன் அப்போதைய ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷவின் பெயரில் பாவனையாளர்களுக்குப் பரவலாக அனுப்பப்பட்ட புத்தாண்டு வாழ்த்துக் குறுஞ்செய்தியாகும். 2020 இல் கோவிட் முடக்கம் வீடுவீடாகச் செல்லும் களப்பணியைத் தடுத்தபோது தொலைபேசிக் கணிப்பு தவிர்க்கவியலாததாயிற்று. சுகாதாரக் கொள்கை நிறுவகம் 2021 இல் தொடங்கிய கருத்துக்கணிப்பு, எழுமாற்று இலக்க அழைப்பையும் முன்னரே தெரிவுசெய்யப்பட்டோர் குழுவையும் இணைத்து நடைபெறுகிறது.

விடையின் விலையும் எடையும்

2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களையும், அவ்வாண்டு ஏப்ரல் 26 ஆம் திகதி சாய்ந்தமருதில் பாதுகாப்புப் படையினருடன் நிகழ்ந்த மோதலையும் அடுத்துத் தேடுதல்களுக்கும் விசாரணைகளுக்கும் உள்ளான ஒரு பிரதேசத்தில், “நீங்க முஸ்லிமா? யாருக்கு வாக்களிப்பீங்க?” என்று அறியாத குரல் வினவும்போது எழும் தயக்கத்தை வெறும் ஆர்வமின்மையாகக் கொள்ளவியலாது. தயங்கியோர் அழைப்பைத் துண்டிக்க, துணிந்தோர் மட்டுமே மாதிரியில் எஞ்சுவராயின் கணிப்பின் பிரதிநிதித்துவம் குலையும். இது இலங்கைக்கு மட்டும் உரிய இடர்ப்பாடன்று. அமெரிக்காவில் பியூ ஆய்வு நிலையத்தின் தொலைபேசிக் கணிப்புகளுக்கு விடையளித்தோர் விகிதம் 1997 இல் 36 சதவீதமாயிருந்து 2018 இல் 6 சதவீதமாகச் சரிந்தது.

எண்ணிக்கையும் இவ்வூர்களுக்குச் சாதகமாயில்லை. 2012 தொகைமதிப்பின்படி அம்பாறை மாவட்டத்தில் நாட்டு மக்கள்தொகையின் ஏறத்தாழ 3.2 சதவீதத்தினர் வாழ்ந்தனர். அவர்களுள் முஸ்லிம்கள் ஏறக்குறைய 43 சதவீதம். எனவே 1,000 பேர் கொண்ட தேசிய மாதிரியில் இம்மாவட்ட முஸ்லிம்கள் 14 பேரளவிலேயே இடம்பெறுவர். 1,000 பேருக்குரிய வழு எல்லை 3 சதவீதப் புள்ளிகளளவில் அமைய, 14 பேருக்குரியது 26 புள்ளிகளைத் தொடும். 2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் அம்பாறையை உள்ளடக்கிய திகாமடுல்ல தேர்தல் மாவட்டம் சஜித் பிரேமதாசவை முன்னிறுத்தி, நவம்பர் பொதுத்தேர்தலில் அம்மாவட்டத்தின் ஏழு ஆசனங்களுள் நான்கை அவருக்குப் போட்டியான தேசிய மக்கள் சக்திக்கு அளித்தது. இத்தகைய திருப்பத்தைப் பதினான்கு விடைகளிலிருந்து அறிய இயலாது. சாய்ந்தமருதுக்குத் தனியான உள்ளூராட்சி மன்றம், கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தின் தரமுயர்வு ஆகிய உள்ளூர்ப் பூசல்களோ தேசிய வினாக்கொத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டவை.

சட்டமும் எஞ்சும் இடைவெளியும்

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இனம், மத நம்பிக்கை, அரசியல் கருத்து ஆகியவற்றைச் சிறப்புவகைத் தரவுகளாக வகுத்துள்ளது. கருத்துக்கணிப்பு அழைப்பொன்று சில நிமிடங்களில் திரட்டுவது இம்மூன்றையுமே. எனினும் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கியப் பிரிவுகள் அத்திகதியில் வராமல் தள்ளிவைக்கப்பட்டன. அமெரிக்காவில் 1991 ஆம் ஆண்டின் தொலைபேசி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், இசைவின்றித் தானியங்கிக் கருவியால் கையடக்கத் தொலைபேசிகளை அழைப்பதைத் தடைசெய்தமை ஒப்புநோக்கத்தக்கது.

வாசலில் கிராம உத்தியோகத்தரும் அயலவரும் இயல்பாகவே அளித்த உத்தரவாதம் தொலைபேசியில் தானாக வந்துசேராது. அழைப்பவர் யார், இலக்கம் எவ்வாறு கிடைத்தது, விடை எவ்வளவு காலம் பேணப்படும், எந்த இலக்கத்துக்கு அழைத்து இவற்றைச் சரிபார்க்கலாம் என்பவற்றை, இனத்தையும் வாக்கையும் கேட்பதற்கு முன்னரே தெளிந்த தமிழில் அறிவிக்கும் கடப்பாட்டை விதித்தாலன்றி அவ்வுத்தரவாதத்தை ஈடுசெய்யவியலாது. கரையோர முஸ்லிம்களிடம் கூடுதலான நேர்காணல்களை நடத்தாத கணிப்பு, நாட்டின் மொத்தப் போக்கைச் சரியாகச் சொல்லக்கூடும். கல்முனையின் கருத்தைச் சொல்வதாக உரிமை கோர அதற்கு இடமில்லை.