நேர வலய முரண்பாடு (லினக்ஸ் சர்வர்)

ஒரே லினக்ஸ் சர்வரில் நுழைந்த இருவருக்கு ‘டேட்’ கட்டளை வெவ்வேறு நேரம் காட்டும் நிலை. கடிகாரம் கெட்டுவிட்டது என்றே முதலில் தோன்றும்; பெரும்பாலும் அது வீண்பழி. கெர்னல் எண்ணுவது 1970 ஜனவரி 1, யூடிசி நள்ளிரவு முதல் கடந்த விநாடிகளை மட்டுமே. அதை உள்ளூர் நேரமாக மாற்றுவது அந்தந்த நிரலின் பாடு. நிரல் முதலில் ‘டிஇசட்’ என்னும் சூழல் மாறியைப் பார்க்கும். அது இல்லாவிட்டால் சர்வருக்குப் பொதுவான ‘லோக்கல்டைம்’ கோப்பை நாடும். ஒருவருடைய ஷெல் தொடக்கக் கோப்பில் மட்டும் டிஇசட் எழுதப்பட்டிருந்தால் அவர் நேரம் தனிவழி போகும்.

இருவரும் யூடிசி நேரத்தைக் கேட்டுப் பார்ப்பது முதல் சோதனை. அது ஒத்துப்போனால் கடிகாரம் சரி. அவரவர் டிஇசட் மதிப்பைத்தான் துருவ வேண்டும்.

‘ஏசியா/கொல்கத்தா’ என்ற வலயப் பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் வழக்கமாகப் பிழைச் செய்தி வராது. சத்தமில்லாமல் யூடிசி நேரமே வரும். ஆகவே இந்தியப் பயனர்களிடையே வித்தியாசம் சரியாக ஐந்தரை மணி என்றால் முதல் சந்தேகம் எழுத்துப்பிழைமீது விழலாம். இன்னொன்று, வலயத்தை எண்ணாக எழுதும் போசிக்ஸ் முறையின் தலைகீழ்க் குறி: கிரீன்விச்சுக்குக் கிழக்கே உள்ள இந்தியாவுக்கு அதில் கழித்தல் 5:30. இயல்பாகக் கூட்டல் போட்டவர் 11 மணி நேரம் பிந்திவிடுவார்.

கிரான் வேலைகள் பயனரின் ஷெல் தொடக்கக் கோப்பை வழக்கமாகப் படிப்பதில்லை. அதனால் ஒரே பயனருக்கே இரண்டு நேரம் வாய்ப்பதுண்டு. பொது வலயத்தை மாற்றியபின் கிரானையும் ஏற்கெனவே ஓடும் பிற சேவைகளையும் மறுதொடக்கம் செய்வது நல்லது.