மெட்ஃபோர்ட் குழலும் கார்டைட்டும்: ரைபிள் குழல் தேய்மான வரலாற்றில் ஒரு திருப்பம் (1888–1901)

ஆய்வுச்சுருக்கம்

பிரித்தானியப் படை 1888-இல் ஏற்ற லீ–மெட்ஃபோர்ட் ரைபிள், 1895-இல் லீ–என்ஃபீல்ட் எனப் பெயர் மாறியது. குழலின் விரைந்த தேய்மானமே இம்மாற்றத்தின் முதன்மைக் காரணம். குழலின் ஆயுள் எஃகின் வலிமையால் மட்டும் அமைவதன்று. வெடிமருந்து, குண்டு, குழலின் உள்வடிவம் ஆகியவற்றின் உறவால் அமைவது என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

முன்னுரை

குழலின் உட்சுவரில் சுருள் பள்ளங்கள் வெட்டப்பட்ட துப்பாக்கியே ரைபிள். பள்ளங்களுக்கு இடைப்பட்ட மேடுகள் குண்டின் மேற்பரப்பில் பதிந்து அதனைச் சுழலச் செய்கின்றன. அச்சுழற்சியால் குண்டு நிலைகுலையாமல் பறக்கிறது. மேடுகள் தேய்ந்தால் பிடிமானம் தளரும், குறி சிதறும். ஆகவே, குழலின் ஆயுள் முடிவது அது உடையும்போதன்று. குறி தவறத் தொடங்கும்போதாகும். படைக்கல வரலாற்றில் புதிய வடிவத்தைப் பழையதன் மேம்பாடாகக் கொள்வது வழக்கம். மெட்ஃபோர்ட் வடிவம் கைவிடப்பட்ட வரலாறு அவ்வழக்கத்தை மறுஆய்வுக்கு உட்படுத்துகிறது.

கருமருந்தும் மெட்ஃபோர்ட் வடிவமும்

வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகியவற்றின் கலவையான கருமருந்து எரியும்போது அதன் எடையில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி திண்மக் கசடாக எஞ்சுகிறது. கூர்மூலைகள் கொண்ட பள்ளங்களில் இக்கசடு எளிதில் தங்கும். ஆங்கிலேயப் பொறியாளர் வில்லியம் எல்லிஸ் மெட்ஃபோர்ட் (1824–1899) இதற்குத் தீர்வாக ஆழம் குறைந்த, விளிம்புகள் மழுங்கிய பள்ளங்களை வடிவமைத்தார். 1888-இல் ஏற்கப்பட்ட 0.303 அங்குல ரைபிளில், ஜேம்ஸ் பாரிஸ் லீயின் இயங்குபொறியும் தோட்டாப் பேழையும் மெட்ஃபோர்ட்டின் ஏழு பள்ளக் குழலோடு இணைந்தன. பள்ளத்தின் ஆழம் ஏறத்தாழ 0.004 அங்குலம், ஒரு தாளின் தடிப்பளவே.

பிரான்சு 1886-லேயே புகையற்ற வெடிமருந்தைத் தன் லெபெல் ரைபிளில் பயன்படுத்தியது. பிரித்தானியாவிடம் அத்தகைய மருந்து அப்போது ஆயத்தமாக இல்லாமையால், புதிய ரைபிள் அழுத்திய கருமருந்துடனே களம் புகுந்தது. அம்மருந்துக்கு மெட்ஃபோர்ட் குழல் முற்றிலும் பொருந்தியது.

கார்டைட்டின் வருகை

ஃபிரெடெரிக் ஏபெல், ஜேம்ஸ் டியூவர் ஆகியோர் 1889-இல் கார்டைட்டுக்குக் காப்புரிமை பெற்றனர். படை ஏற்ற முதல் வகையில் நைட்ரோகிளிசரின் 58 விழுக்காடும், வெடிபஞ்சு 37 விழுக்காடும், வாசலின் 5 விழுக்காடும் இருந்தன. குழலின் உராய்வைக் குறைக்கும் எனக் கருதியே வாசலின் சேர்க்கப்பட்டது. மருந்து கெடாமல் காப்பதே அதன் உண்மைப் பயன் என்பது பின்னர் தெளிவாயிற்று.

கார்டைட் எரியும்போது பெரிதும் வளிமமாகவே மாறுகிறது. எனவே, மெட்ஃபோர்ட் தீர்க்க முனைந்த கசடுச் சிக்கல் பெரும்பாலும் மறைந்தது. அதனிடத்தில் வெப்பச் சிக்கல் தோன்றியது. ஒவ்வொரு வெடிப்பிலும் உட்சுவரின் மேற்படலம் நொடிப்பொழுதில் மிகச் சூடேறி உடனே குளிர்கிறது. இதனால் நுண்வெடிப்புகள் உண்டாகின்றன. உயரழுத்த வளிமம் அவற்றின் வழியே பாய்ந்து எஃகை அரிக்கிறது. தோட்டா அறையை அடுத்து மேடுகள் தொடங்கும் இடத்தில் இவ்வரிப்பு மிகுதி. தாளளவு உயரமே கொண்ட மழுங்கிய மேடுகள் அங்கு விரைவில் உருவிழந்தன. செப்பு–நிக்கல் உறையிட்ட குண்டின் உராய்வும் தேய்மானத்திற்குத் துணைநின்றது. ஆயினும் முதற்காரணம் வெப்பமே.

இருவழித் தீர்வுகள்

முதல் தீர்வு குழலின் வடிவத்தில் அமைந்தது. என்ஃபீல்டில் இருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை, கூர்விளிம்பும் மிகுந்த ஆழமும் கொண்ட ஐந்து பள்ளங்களை வகுத்தது. 1895-இல் அது ஏற்கப்பட்டது. பத்து அங்குலத்திற்கு ஒரு சுற்று என்னும் இடப்புறச் சுருள் மாறவில்லை. புதிய வடிவம் அரிப்பைத் தடுக்கவில்லை. குண்டு பிடிமானம் இழக்குமுன் தேய்வதற்குக் கூடுதல் எஃகை அளித்தது. கருமருந்துக் காலத்தில் குறையாகக் கருதப்பட்ட கூர்மூலையே இப்போது தீர்வாயிற்று.

இரண்டாம் தீர்வு மருந்தில் அமைந்தது. கார்டைட்டின் அரிப்பு பீரங்கிகளையும் பெரிதும் தாக்கியது. குழல் அரிப்புக்கும் மருந்தின் வெப்பத்திற்கும் உள்ள தொடர்பை ஆண்ட்ரூ நோபிள் போன்றோரின் சோதனைகள் விளக்கின. 1901-இல் வந்த திருத்திய கார்டைட்டில் நைட்ரோகிளிசரின் 30 விழுக்காடாகக் குறைந்தது. வெடிபஞ்சு 65 விழுக்காடாக உயர்ந்தது. எரிவெப்பம் தணிந்தது, குழலின் ஆயுள் நீண்டது. ஆனால் அதே விரைவைப் பெற மருந்தின் அளவைக் கூட்ட வேண்டியிருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீலகிரி மாவட்டத்தின் அருவங்காட்டில் கார்டைட் தொழிற்சாலை நிறுவப்பட்டது. அவ்வகையில் இம்மருந்தின் வரலாறு தமிழகத் தொழில் வரலாற்றோடும் இணைகிறது.

பெயரும் சான்றும்

லீயின் இயங்குபொறி பெரிதும் மாறாதிருக்கவே ரைபிளின் பெயர் மாறியது என்பது கருதத்தக்கது. மார்ட்டினி–மெட்ஃபோர்ட், மார்ட்டினி–என்ஃபீல்ட் என்னும் பெயர்களும் இவ்வாறே குழலின் உள்வடிவத்தைக் கொண்டு அமைந்தவை. எனவே, அருங்காட்சியகங்களில் இத்தகைய படைக்கலன்களை ஆவணப்படுத்துவோர் புறத்தோற்றத்தோடு நில்லாது பள்ளங்களின் எண்ணிக்கை, விளிம்பு, தேய்வு ஆகியவற்றையும் பதிவு செய்தல் வேண்டும். தேய்ந்த குழல் பழுதுபட்ட பொருளன்று. அதில் வெடித்த மருந்தைப் பற்றிய வரலாற்றுச் சான்று.

முடிவுரை

மெட்ஃபோர்ட் குழல் கருமருந்துக்கும், என்ஃபீல்ட் குழல் கார்டைட்டுக்கும் ஏற்ற விடைகள். முன்னது தோற்றதாகவும் பின்னது வென்றதாகவும் கொள்வது பொருந்தாது. விடை தவறவில்லை, வினாவே மாறியது. ஐந்து பள்ளம் என்பதும் இறுதி விதியாகவில்லை. இரண்டாம் உலகப்போரில் உற்பத்தியை விரைவுபடுத்த இரண்டு பள்ளங்களே கொண்ட குழல்கள் லீ–என்ஃபீல்ட் நான்காம் எண் ரைபிள்களில் பொருத்தப்பட்டன. அவையும் போதிய குறித்துல்லியத்துடன் இயங்கின. ஆதலின், குழல் தேய்மானத்தின் வரலாறு எஃகின் வரலாறாக மட்டுமன்றி, வேதியியலும் எந்திரவியலும் ஒன்றையொன்று திருத்திக்கொண்ட வரலாறாகவும் எழுதப்பட வேண்டும்.